ரூட் செய்த கைப்பேசியை என்கிரிப்ட் செய்வது: போட்ட மாற்றங்களை இழக்காமல் பூட்ட முழு வழிகாட்டி

என் மச்சான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். அவருடைய ரெட்மி போனை ரூட் செய்து (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் திறந்து), வேறு ரோம் (ஆண்ட்ராய்டின் மாற்றுப் பதிப்பு) ஏற்றி, விளம்பரங்களை அடைத்து, பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் நிற்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தது நான்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தவர், "தொழிலாளிங்க ஐசி காப்பி, சம்பளக் கணக்கு எல்லாம் இதுலதான் மச்சான் வச்சிருக்கேன், தொலைஞ்சா பெரிய வம்பு, நல்ல வேளை பின் போட்டிருக்கேன்" என்றார். போனை வாங்கி அணைத்தேன். சத்தம் கூட்டும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன், ரிக்கவரி வந்தது, லேப்டாப்பில் கேபிளைச் செருகினேன். அவர் தே தாரேக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஐசி (அடையாள அட்டை) படங்கள் என் திரையில் வரிசையாக நின்றன. பின் எண்ணை யாரும் கேட்கவில்லை.

"அப்ப இந்தப் பின் எதுக்கு லா?" என்றார் மச்சான். கிளாஸ் மேசைக்குப் போய்விட்டது.

பூட்லோடர் (போனை முதலில் தொடக்கிவைக்கும் நிரல்) திறந்திருக்கிறது, மாற்று ரிக்கவரி இருக்கிறது, உள்ளே டேட்டா என்கிரிப்ட் ஆகவில்லை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படவில்லை. இந்த மூன்றும் ஒரே போனில் சேர்ந்துவிட்டால் திரைப்பூட்டு வெறும் அலங்காரம். ரிக்கவரி ஆண்ட்ராய்டுக்கு வெளியே ஓடுகிற தனி நிரல், அது நேராக டேட்டா பார்ட்டிஷனை (நம் ஆப்களும் கோப்புகளும் இருக்கும் சேமிப்புப் பகுதி) திறந்து படித்துவிடும். சிஸ்டம் ஃபோல்டரில் பூட்டு சம்பந்தப்பட்ட நாலைந்து கோப்புகளை அழித்தால் ஆண்ட்ராய்டுமே பூட்டு இல்லாமல் திறந்துகொள்ளும், கடைக்காரப் பையன்களுக்கு இது தெரியும்.

தப்பு என்னுடையதுதான். அந்தப் போனை ரூட் செய்த காலத்தில் அதற்கு இருந்த டிடபிள்யுஆர்பி (பலரும் போடும் மாற்று ரிக்கவரி) என்கிரிப்ட் ஆன டேட்டாவைப் படிக்காது, உள் சேமிப்பு 0 எம்பி என்று காட்டும். அந்தத் தொல்லைக்கு எல்லாரும் சொன்ன மருந்து, கட்டாய என்கிரிப்ஷனை நிறுத்தும் ஒரு ஜிப் கோப்பை ஃபிளாஷ் செய்வது, அதாவது ரிக்கவரி வழியாகப் போனில் ஏற்றுவது. நானும் செய்தேன். வேலை சுலபமாக முடிந்தது, பின்கதவு திறந்தே கிடந்தது. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அதைச் சரி செய்தோம், அந்த வேலையைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். எழுதுவதில் பெரும்பாலானது எந்த ஆண்ட்ராய்டு போனுக்கும் பொருந்தும், பட்டன்களும் மெனுப் பெயர்களும் மட்டும் கொஞ்சம் மாறும்.

எந்த வரிசையில் செய்வது

ரூட் இருக்கும்போதே அதன் மேல் என்கிரிப்ட் செய்யப் போகாதீர்கள். ரூட்டைக் கழற்றுங்கள், டேட்டாவைப் பூட்டுங்கள், பூட்டு விழுந்ததா என்று பாருங்கள், அப்புறம் ரூட்டைத் திரும்ப மாட்டுங்கள். ரூட்டும் என்கிரிப்ஷனும் ஒத்துப்போகாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். ரூட் தரும் நிரலான மேஜிஸ்க் உட்காரும் இடம் பூட் பார்ட்டிஷன் (போனைத் தொடக்கும் பகுதி), அது எந்தப் போனிலும் என்கிரிப்ட் ஆவதே இல்லை. என்கிரிப்ட் ஆவது டேட்டா பார்ட்டிஷன். ஒன்று வாசல், ஒன்று அறை, இரண்டும் மோதிக்கொள்ளக் காரணமே கிடையாது. மோதல் வருவது பூட்டுகிற அந்த நேரத்தில் மட்டும், அதனால்தான் இந்த வரிசை.

உங்கள் போனில் இருப்பது எந்த வகை

ஆண்ட்ராய்டில் இரண்டு வகை உண்டு. ஆண்ட்ராய்டு 3.0 காலத்திலிருந்து வந்தது டேட்டா பார்ட்டிஷன் முழுவதையும் ஒரே சாவியால் பூட்டுகிற பழைய முறை. 7.0-இல் கோப்பு கோப்பாகப் பூட்டும் முறை வந்தது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியான போன்களுக்கு இந்த இரண்டாவது முறை கட்டாயம், 13-இல் பழைய முறைக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். இனி நான் "முழு வட்டு" என்றால் பழையது, "கோப்பு முறை" என்றால் புதியது.

அமைப்புகளில் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் என்கிரிப்ஷன் என்ற வரியைப் பாருங்கள், என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கும். எந்த வகை என்று தெரிய டெர்மினல் ஆப் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஆப்) வேண்டும். அதில் ஆங்கில எழுத்தில் கெட்ப்ராப் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஆர்ஓ புள்ளி கிரிப்டோ புள்ளி ஸ்டேட் என்று அடியுங்கள், என்கிரிப்டட் அல்லது அன்என்கிரிப்டட் என்று பதில் வரும். கடைசியில் ஸ்டேட்டுக்குப் பதிலாக டைப் என்று அடித்தால், ஃபைல் என்று வந்தால் கோப்பு முறை, பிளாக் என்று வந்தால் முழு வட்டு. மச்சான் போனில் முதல் கேள்விக்கு அன்என்கிரிப்டட், இரண்டாவதுக்குப் பதிலே இல்லை, வெற்று வரி. அப்படி வெறுமையாக வந்தால் உங்கள் ரோம் எந்த முறைக்குக் கட்டப்பட்டது என்பதை அந்த ரோமின் நிறுவல் குறிப்பில் பாருங்கள்.

ஏற்கெனவே என்கிரிப்டட் என்று வருகிறதா? நல்லது, உங்களுக்குப் பாதி வேலை இல்லை. நேராகப் பின் எண் பகுதிக்குப் போய்விடலாம்.

பேக்கப், நிதானமாக

இந்த வேலையில் போன் கெட்டுப்போவது அபூர்வம், டேட்டா போவது சர்வ சாதாரணம். கோப்பு முறைக்கு மாறுவதானால் டேட்டா பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும், இருப்பதை வைத்துக்கொண்டே மாற வழியில்லை.

நான் முதல் முறை இதைச் செய்தபோது என்ன நடந்தது தெரியுமா, ரிக்கவரியில் அழகாக ஒரு பேக்கப் எடுத்தேன், அதைப் போனின் உள் சேமிப்பிலேயே வைத்தேன், பிறகு அதே உள் சேமிப்பை ஃபார்மேட் செய்தேன். உள் சேமிப்பு என்று நாம் பார்க்கும் இடம் டேட்டா பார்ட்டிஷனுக்குள் இருக்கும் மீடியா என்கிற ஒரு ஃபோல்டர்தான், தனி இடம் கிடையாது. இன்னொரு பக்கம், டிடபிள்யுஆர்பி டேட்டாவை பேக்கப் எடுக்கும்போது அந்த மீடியா ஃபோல்டரை மட்டும் விட்டுவிடும். படங்கள் எல்லாம் பேக்கப்பில் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், இருக்காது. ஆகவே படங்களையும் கோப்புகளையும் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு நகல் எடுங்கள், எடுத்த பிறகு லேப்டாப்பில் நாலைந்தைத் திறந்து பாருங்கள்.

எஸ்டி கார்டு விஷயத்தில் ஒரு குழி இருக்கிறது. கார்டை உள் சேமிப்பாக வடிவமைத்து வைத்திருந்தால் (ஆண்ட்ராய்டு 6.0-இலிருந்து இந்த வசதி உண்டு) அந்தக் கார்டு ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, அதன் சாவி டேட்டா பார்ட்டிஷனுக்குள் கிடக்கிறது. டேட்டாவை ஃபார்மேட் செய்த நிமிடம் சாவி போய்விடும், கார்டு கையில் இருந்தும் அதில் ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியாது. முதலில் கார்டில் இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, அதைச் சாதாரணக் கார்டாக மாற்றிவிடுங்கள். சாதாரணக் கார்டாக இருந்தால் நேர் எதிரான பிரச்சினை, அது பூட்டப்படவே படாது, உருவிச் செருகினால் யாரும் படிக்கலாம். மச்சானின் ஐசி படங்களைக் கார்டிலிருந்து உள்ளே மாற்றியது அதனால்தான்.

ஆப்களின் உள் தரவுக்கு நியோ பேக்கப் அல்லது ஸ்விஃப்ட் பேக்கப் போதும், ரூட் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். டிடபிள்யுஆர்பியின் முழு டேட்டா பேக்கப்பை என்கிரிப்ட் ஆன போனில் திரும்ப ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன், பழைய பூட்டுக் கோப்புகளும் சேர்ந்து வந்து பின் எண்ணை ஏற்காமல் அடம்பிடிக்கும். வங்கி ஆப்களின் தரவைத் திரும்ப ஏற்றாதீர்கள். அவற்றின் ரகசியச் சாவிகள் போனின் பாதுகாப்புச் சில்லோடு கட்டப்பட்டவை, நகல் எடுத்தால் வராது, ஆப் திறந்து திறந்து மூடும். புதிதாகப் பதிந்துகொள்வதே மேல். இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு தரும் ஆப் இருந்தால் முதலில் அதை வேறு போனுக்கு ஏற்றுமதி செய்யுங்கள், அதை மறந்துவிட்டால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பீர்கள். வாட்ஸ்அப்பின் பேக்கப்பை 64 இலக்கச் சாவியோடு எடுத்தால் அந்தச் சாவியைத் தாளில் எழுதிப் போனுக்கு வெளியே வையுங்கள்.

அடுத்து மாற்றங்கள். மேஜிஸ்க்கைத் திறந்து மாட்யூல் (மேஜிஸ்க் வழியாகச் சேர்க்கும் கூடுதல் நிரல்) பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஒவ்வொன்றின் ஜிப்பையும் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். எந்த ஆப்களுக்கு ரூட் அனுமதி, எந்த ஆப்கள் மறுப்புப் பட்டியலில் (ரூட் எட்டாதபடி விலக்கிய ஆப்களின் பட்டியல்), விளம்பரத்தை அடைக்கும் ஆட்அவேயில் எந்தத் தளங்களை விலக்கியிருக்கிறீர்கள், சார்ஜ் கட்டுப்பாட்டு மாட்யூலின் அமைப்பு, எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த தமிழ் எழுத்துரு மாட்யூலின் ஜிப்பை ஒருமுறை தொலைத்துவிட்டு அதே பதிப்பைத் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

கடைசியாக, இப்போது போனில் ஓடும் அதே ரோமின் அதே பதிப்பு ஜிப், அதிலிருந்து எடுத்த மாற்றப்படாத பூட் இமேஜ் (பூட் பார்ட்டிஷனில் ஏற்றும் கோப்பு), இரண்டையும் எடுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளியான போன்களிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் மேஜிஸ்க் மாற்றுவது பெரும்பாலும் இனிட்பூட் இமேஜை, அதைப் பார்த்து எடுங்கள்.

பழைய போன்: முழு வட்டு முறை

பழைய போன் வைத்திருப்பவர்கள் பலர் அமைப்புகளில் இருக்கும் என்கிரிப்ட் பட்டனை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். பச்சை ரோபோ படம் வரும், அரை மணி நேரம் அப்படியே நிற்கும், அல்லது தானாக மறுபடியும் தொடங்கி எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். நடப்பது இதுதான்: என்கிரிப்ட் செய்ய ஆண்ட்ராய்டு முதலில் டேட்டா பார்ட்டிஷனைக் கழற்ற வேண்டும், அதற்கு அங்கே ஒரு கோப்பும் யார் கையிலும் திறந்திருக்கக் கூடாது. ரூட்டின் பின்னணி நிரலோ ஒரு மாட்யூலோ ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் கழற்ற முடியாது, வேலை சத்தமில்லாமல் கைவிடப்படும். மேஜிஸ்க்குக்கு முன் ரூட் தந்த சூப்பர்எஸ்யு காலத்தில் இதே கதைதான், சேஃப் மோடில் (நாம் போட்ட ஆப்கள் ஓடாத நிலை) போய் என்கிரிப்ட் செய்து தப்பித்தவர்கள் உண்டு.

என் யோசனை, ரூட்டை முழுசாகவே எடுத்துவிடுங்கள். மேஜிஸ்க் ஆப்பில் முழு நீக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பூட் இமேஜ் திரும்பி வரும், வராவிட்டால் நீங்கள் எடுத்து வைத்த இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் (லேப்டாப்பிலிருந்து நேராகப் பார்ட்டிஷனில் எழுதும் முறை) ஏற்றுங்கள். ரூட் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு என்கிரிப்ட் பட்டனை அழுத்துங்கள். பேட்டரி 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டனே வேலை செய்யாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும், நடுவில் நின்றால் டேட்டா போச்சு. எங்கள் பக்கம் சாயங்காலம் இடி மழை வந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, அதனால் இதைக் காலையில் பசியாறிவிட்டு ஆரம்பிப்பதே வழக்கம்.

அப்படியும் நிற்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது பார்ட்டிஷனின் வால். முழு வட்டு முறையில் சாவித் தகவலுக்கு, பெரும்பாலான போன்களில், டேட்டா பார்ட்டிஷனின் கடைசி 16 கேபி தேவை. ஏதோ ஒரு பழைய ரிக்கவரி பார்ட்டிஷனைக் கடைசி பைட் வரை ஃபார்மேட் செய்திருந்தால் அந்த இடம் இருக்காது. புதிய டிடபிள்யுஆர்பியில் டேட்டாவை ஃபார்மேட் செய்தால் அந்த வாலை விட்டுவைக்கும், பேக்கப்தான் இருக்கிறதே, செய்துவிடுங்கள்.

இந்த முறையில் ஒன்று முக்கியம். பின் எண் வைக்கும்போது, போன் தொடங்கும்போதே பின் கேட்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் டேட்டா என்கிரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் சாவியைப் பூட்டியிருப்பது எல்லாப் போனுக்கும் பொதுவான, முன்கூட்டியே வைத்த ஒரு கடவுச்சொல். அப்புறம் அணுகல்தன்மைச் சேவையை உபயோகிக்கும் ஆப் எதையாவது பிறகு இயக்கினால் (பட்டன்களை மாற்றியமைக்கும் ஆப்கள், பின்னணி ஆப்களை உறங்க வைக்கும் ஆப்கள் எல்லாம் இதைக் கேட்கும்) இந்தத் தொடக்கப் பின் கழன்றுபோகும், ஒரு வரி எச்சரிக்கை மட்டும் வரும், நாம் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுவோம். மாதம் ஒருமுறை போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் பின் கேட்கிறதா என்று.

ஒரு அசௌகரியமும் உண்டு. ராத்திரியில் போன் தானாக மறுபடியும் தொடங்கினால், பின் போடும் வரை அலாரம் அடிக்காது, அழைப்பும் வராது. காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) அலாரத்தை நம்பி எழுகிறவர்கள் கையில் ஒரு பழைய மேசைக் கடிகாரமும் வைத்துக்கொள்வது நல்லது.

புதிய போன்: கோப்பு முறை

மச்சான் போன் இந்த வகை. இதில் டேட்டாவை ஃபார்மேட் செய்துவிட்டு ரோமை முதல்முறை தொடங்கவிட்டால் அதுவே என்கிரிப்ட் செய்துகொள்ளும். பிறகு ஏன் மச்சான் போன் செய்யவில்லை? நான் போட்ட அந்த ஜிப். எஃப்எஸ்டேப் என்று ஒரு கோப்பு இருக்கிறது, எந்தப் பார்ட்டிஷனை எப்படி மாட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். டேட்டாவுக்கான வரியில் ஃபைல்என்கிரிப்ஷன் என்ற சொல் இருந்தால் கோப்பு முறை, ஃபோர்ஸ்என்கிரிப்ட் என்றிருந்தால் முழு வட்டு முறையில் கட்டாயம், என்கிரிப்டபிள் என்றிருந்தால் உங்கள் விருப்பம். அந்த ஜிப் செய்த காரியம், இந்தச் சொல்லை அழித்ததுதான். ஆகவே எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் பூட்டு விழாது.

அதைத் திருத்தக் கையால் கோப்பைத் தொட வேண்டாம், ரோம் ஜிப்பையே மறுபடியும் ஏற்றினால் மாற்றப்படாத எஃப்எஸ்டேப் வந்துவிடும். அந்தக் கோப்பு பெரும்பாலும் வெண்டர் பார்ட்டிஷனில் (தயாரிப்பாளரின் நிரல்கள் இருக்கும் பகுதி) இருக்கும். சில ரோம்கள் வெண்டரைத் தொடுவதில்லை, அப்படியானால் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து வெண்டரையும் ஏற்ற வேண்டும். நாங்கள் முதலில் ரோமை மட்டும் ஏற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று முழித்தோம். வெண்டரையும் ஏற்றிய பிறகுதான் சரியானது.

ஏற்றியதும் தொடங்கிவிடாதீர்கள். ரிக்கவரியில் வைப் பக்கத்துக்குப் போய் டேட்டாவை ஃபார்மேட் செய்யும் பட்டனை அழுத்துங்கள், யெஸ் என்று எழுத்தில் அடிக்கச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் ஃபேக்டரி ரீசெட் இதற்கு உதவாது, அது மீடியா ஃபோல்டரை அப்படியே விட்டுவிடும், ஃபைல் சிஸ்டமும் பழையதாகவே இருக்கும். ஃபார்மேட் முடிந்ததும், ரூட் எதுவும் போடாமல், சுத்தமாகத் தொடங்கவிடுங்கள். முதல் தொடக்கம் கொஞ்சம் நேரம் எடுக்கும். உடனே பின் வையுங்கள். டெர்மினலில் முன்பு கேட்ட அதே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள், இப்போது என்கிரிப்டட், ஃபைல் என்று வர வேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ரூட்டுக்குப் போகாமல் ஒருமுறை ரிக்கவரிக்குள் போய்ப் பாருங்கள். உங்கள் போனின் டிடபிள்யுஆர்பிக்குப் பூட்டைத் திறக்கத் தெரியுமென்றால் பின் கேட்கும், சரியான பின் போட்டால் கோப்புகள் தெரியும். அடுத்து கேன்சல் போட்டுப் பாருங்கள். கோப்பு மேலாளரில் மீடியா ஃபோல்டருக்குள் நீள நீளமாக, அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகக் கோப்புப் பெயர்கள் இருக்கும், அல்லது மெட்டாடேட்டாவும் (கோப்புகளின் அமைப்பைப் பற்றிய தகவல்) பூட்டப்படுகிற போனாக இருந்தால் 0 எம்பி என்று காட்டும். மச்சான் அந்தக் குவியலைத் திரையில் பார்த்து, "இப்ப எடு பார்ப்போம்" என்றார். லேப்டாப்பில் கேபிள் செருகித்தான் இருந்தது, எடுக்க ஒன்றும் இல்லை.

உங்கள் டிடபிள்யுஆர்பிக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்றால்? பதற வேண்டாம், பழைய தப்புக்கும் திரும்ப வேண்டாம். ஜிப்களை எஸ்டி கார்டிலிருந்தோ லேப்டாப்பிலிருந்து ஏடிபி சைட்லோடு (கேபிள் வழியாக ரிக்கவரிக்கு ஜிப்பை அனுப்பும் முறை) மூலமாகவோ ஏற்றலாம், டேட்டா பேக்கப்பை ஆண்ட்ராய்டுக்குள்ளிருந்தே ஆப் கொண்டு எடுக்கலாம். புதிய சாம்சங் போன்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

ரூட் திரும்ப

மாற்றப்படாத பூட் இமேஜைப் போனுக்கு நகல் எடுத்து, மேஜிஸ்க் ஆப்பில் கோப்பைத் தேர்ந்தெடுத்து பேட்ச் செய்யுங்கள், அதாவது மேஜிஸ்க்கை அந்த இமேஜில் சேருங்கள். நிறுவல் பக்கத்தில் கட்டாய என்கிரிப்ஷனைத் தக்கவை என்று ஒரு விருப்பம் தெரிந்தால் அதற்கு டிக் போடுங்கள், டிக் இல்லாவிட்டால் மேஜிஸ்க்கே எஃப்எஸ்டேப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடக் கூடும். புதிய போன்களில் இந்த விருப்பம் கண்ணுக்கே தெரியாது, போன் என்கிரிப்ட் ஆகியிருப்பதைப் பார்த்து அதுவே முடிவெடுத்துக்கொள்ளும். பேட்ச் ஆன இமேஜை லேப்டாப்புக்கு எடுத்து ஃபாஸ்ட்பூட்டில் ஏற்றுங்கள், தொடங்குங்கள், ரூட் வந்ததா, என்கிரிப்டட் என்று இன்னமும் சொல்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

மாட்யூல்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒன்று போட்டு ஒருமுறை மறுபடியும் தொடங்கி, அடுத்தது. அலுப்பான வேலைதான். ஆனால் முன்பெல்லாம் ஒரு மாட்யூல் போனைத் தொடங்கவிடாமல் சுழல வைத்தால் ரிக்கவரியில் போய் அதன் ஃபோல்டரை அழித்துவிடுவோம், இப்போது ரிக்கவரிக்கே பின் தெரிய வேண்டும், பூட்டைத் திறக்கத் தெரியாத ரிக்கவரி என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. மாற்று வழி சேஃப் மோட். தொடங்கும்போது சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு சேஃப் மோடுக்குப் போனால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும், மறுபடியும் சாதாரணமாகத் தொடங்கிக் குற்றவாளியை நீக்கலாம். மாட்யூல்கள் கிடப்பது டேட்டாவுக்குள் ஏடிபி என்ற ஃபோல்டரில், உங்கள் பின் எண்ணோடு கட்டப்பட்ட பகுதியில் அல்ல. அதனால்தான் பின் போடுவதற்கு முன்பே எழுத்துருவும் விளம்பரத் தடுப்பும் வேலை செய்கின்றன. அந்த ஃபோல்டரில் கடவுச்சொல், டோக்கன் எதையும் எழுதி வைக்காதீர்கள்.

வங்கி ஆப்கள் பற்றிக் கேட்பீர்கள். என்கிரிப்ட் செய்ததால் அவை புதிதாக இணங்கிவிடாது, திறந்த பூட்லோடரைப் பார்த்து முறைக்கிற ஆப் இனியும் முறைக்கும். அதற்காக பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். மேஜிஸ்க் போட்ட பூட் இமேஜோடு பூட்டினால் போன் தொடங்கவே தொடங்காது, செய்யாதீர்கள்.

பின் எண்

இவ்வளவு வேலையும் நிற்பது பின் எண்ணின் மேல். 4 இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு, 6 இலக்கம் என்றால் 10 லட்சம். தப்பாகப் போடப் போட போனின் பாதுகாப்புச் சில்லு காத்திருக்க வைக்கும், அதனால் 6 இலக்கமே பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் சில்லை முழுசாக நம்பிவிட வேண்டாம், கால் பெனியாமினி என்ற ஆய்வாளர் 2016-இல் குவால்காம் சில்லுகளிலிருந்து முழு வட்டு முறையின் சாவியை வெளியே எடுத்துக் காட்டினார், சாவி வெளியே வந்துவிட்டால் கணினியை வைத்து வேகமாகப் பின் எண்ணை முயன்று பார்க்கலாம். பழைய போன் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல்லே நல்லது.

நம் ஊரில் பின் எண்ணை ஊகிப்பதற்குக் கணினிகூட வேண்டாம். ஐசியின் முதல் 6 எண்கள், அதாவது பிறந்த தேதி. கார் நம்பர். லாட்டரியில் எப்போதும் எடுக்கிற அந்த நாலு நம்பர். மச்சான் வைத்திருந்தது முதல் ரகம், அதுவும் அந்த ஐசியின் படமும் அதே போனில். பின் எண்ணை மாற்றுவதற்கு டேட்டாவை மறுபடியும் என்கிரிப்ட் செய்யத் தேவையில்லை, உள்ளே இருக்கும் சாவியின் உறை மட்டும் மாறும், ஒரு நொடி வேலை. அந்த இடத்திலேயே மாற்ற வைத்தேன்.

இந்தப் பூட்டு எதுவரை

போன் அணைந்திருக்கும்போதுதான் இந்தப் பூட்டு முழு பலத்தோடு நிற்கிறது. ஒருமுறை பின் போட்டுத் திறந்துவிட்டால், பிறகு திரை பூட்டியிருந்தாலும் சாவிகள் நினைவகத்தில்தான் இருக்கும், ரூட் அனுமதி பெற்ற ஆப் எல்லாவற்றையும் படிக்கும். கோப்பு முறையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: போனை மறுபடியும் தொடங்கிப் பின் போடாமல் விட்டு, வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள், மணி அடிக்கும், ஆனால் பெயர் வராது, எண் மட்டும் வரும். தொடர்புப் பட்டியல் இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே பழுது பார்க்கக் கொடுக்கும்போது அணைத்துக் கொடுங்கள், பின் எண்ணைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்காதீர்கள். யுஎஸ்பி டீபக்கிங்கை (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப விடும் வசதி) வேலை முடிந்ததும் நிறுத்துங்கள், லீனியேஜ் மாதிரி ரோம்களில் ரூட்டட் டீபக்கிங் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும். ரூட் அனுமதிப் பட்டியலைத் திறந்து, எப்போதோ ஒருமுறை தேவைப்பட்ட ஆப்களை வெளியேற்றுங்கள். மச்சான் பட்டியலில் 11 ஆப் இருந்தது, 3 போதுமாக இருந்தது.

திறந்த பூட்லோடரால் ஒரு ஓட்டை இருக்கவே செய்யும். யாராவது போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து பூட் இமேஜை மாற்றி, தெரியாமல் திருப்பித் தந்தால், அடுத்து நீங்கள் போடும் பின் எண்ணை அவர் பிடித்துக்கொள்ளலாம். தொலைந்த போனுக்கு இந்த வழிகாட்டி போதும், யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தந்த போனுக்குப் போதாது. அப்படி வந்தால் பூட் இமேஜைப் புதிதாக ஏற்றிய பிறகுதான் பின் போட வேண்டும்.

அப்டேட் வரும்போது

அப்டேட்டுக்கு முன் மேஜிஸ்க்கில் இமேஜ்களைத் திரும்ப வை என்பதை அழுத்துங்கள், போனை அணைக்க வேண்டாம், அப்டேட்டை ஏற்றுங்கள், ஏ/பி ஸ்லாட் (சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள்) உள்ள போன் என்றால் மறுதொடக்கத்துக்கு முன் மேஜிஸ்க்கை அடுத்த ஸ்லாட்டில் நிறுவுங்கள். ரோம் ஜிப்பைக் கையால் ஏற்றுகிறவர்கள் புதிய பூட் இமேஜைப் புதிதாகவே பேட்ச் செய்யுங்கள், போன மாதத்துப் பேட்சை இந்த மாத ரோமில் ஏற்றாதீர்கள். டேட்டாவுக்கும் பூட்டுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது.

பின்னோக்கிப் போவதுதான் ஆபத்து. என்கிரிப்ஷன் சாவிகள் ஆண்ட்ராய்டு பதிப்போடும் பாதுகாப்புப் பேட்ச் தேதியோடும் சேர்த்துக் கட்டப்பட்டவை. புதிய பேட்ச் ஏற்றிப் பழகிய சாவியைப் பழைய பேட்ச் உள்ள ரோம் திறக்காது, பின் சரியாகவே போட்டாலும் தப்பு என்று சொல்லும், அல்லது டேட்டா கெட்டுவிட்டது, ரீசெட் செய் என்று கேட்கும். பிடிக்காத அப்டேட் வந்துவிட்டால் பழைய ரோமுக்குத் திரும்புவதற்கு முன் பேக்கப் எடுத்து ஃபார்மேட் செய்யத் தயாராக இருங்கள். ஒரு ரோமிலிருந்து வேறு ரோமுக்குத் தாவும்போதும் இதே கணக்குதான். மச்சானுக்கு இதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் போன் உறைக்குள் மடித்து வைத்துக் கொடுத்தேன்: "என்னைக் கேட்காம பழைய ரோம் ஏத்தாதீங்க."